டெபிட்: டீ... கிரெடிட்: டைட்டில் கார்டு!

பி.காம். படித்தவனுக்கு சினிமாவில் என்ன வேலை என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள். விஜய் சேதுபதி!

சென்னையில் பி.காம். முடித்து, துபாயில் கணக்கு எழுதி, ஊர் திரும்பி, 'கூத்துப்பட்டறை' நாடகக் குழுவில் சேர்ந்தபோதும் அவருக்குக் கிடைத்தது கணக்காளர் வேலைதான். மற்றவர்கள் நடிப்பதைப் பார்த்துக்கொண்டே வரவு செலவு எழுதிய மனிதர். அப்புறம் கார்த்திக் சுப்பராஜ் போன்ற புதுப் பையன்களின் குறும்படங்களில் நடித்தார். 2012ல் 'பீட்சா', 2013ல் 'சூது கவ்வும்'... மீதிக் கதை டீக்கடை பெஞ்சுக்கே தெரியும்.

அந்தக் கூத்துப்பட்டறையை 1977ல் ஆரம்பித்த ந. முத்துசாமி எங்கள் பழைய தஞ்சை ஜில்லாக்காரர். புஞ்சை கிராமம். ஆக, வயல்காட்டுக்கும் நடிப்புக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்கிறது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்குப் பத்தி எழுதிப் பிழைக்கும் இந்த பி.காம்.காரனும், கல்லூரிப் பையன்கள் எடுத்த குறும்படம் ஒன்றுக்குக் கதை வசனம் எழுதி, நடித்தும் விட்டேன்! எங்கள் ஊர் சாமிக்குப் பெயர் பிறவி மருந்தீஸ்வரர். பிறவி நோய்க்கே மருந்து வைத்திருப்பவர். சினிமா ஆசைக்கு மட்டும் அவரிடமும் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.

ஐந்து பேர், ஒரு வேன்!

தை மாதம். பொங்கல் முடிந்து ஊர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த நேரம். விஸ்காம் கடைசி வருஷப் பையன்கள் ஐந்து பேர் வேனில் வந்து இறங்கினார்கள். இயக்குநர், கேமரா, சவுண்ட், எடிட்டிங் என்று நாலு பேருக்கு வேலை இருந்தது. ஐந்தாவது பையன் தயாரிப்பு நிர்வாகி. தகுதி? வேன் அவன் அப்பாவுடையது!

இயக்குநர் தம்பியின் பாட்டி வீடு எங்கள் அடுத்த தெருதான். உரிமையோடு உள்ளே வந்தான்.

"சார், பன்னெண்டு நிமிஷப் படம். மார்க்குக்காக எடுக்கறோம். நீங்கதான் எழுதணும். சம்பளம் மட்டும்..."

"தெரியும்ப்பா. மேல சொல்லு."

"ஹீரோவும் நீங்கதான் சார். ஆபீஸ்ல வேலை பார்க்கற, லீவு கிடைக்காத ஆளு. அந்த முகம் உங்களுக்கு இயல்பாவே இருக்கு!"

பாராட்டா, பழிப்பா என்று யோசிப்பதற்குள் என் மனைவி காபியோடு வந்து, "ரொம்பக் கரெக்டா சொன்னேப்பா" என்று தீர்ப்பை உறுதி செய்துவிட்டாள்.

கதை ரொம்பச் சின்னது. சென்னை ஆபீஸில் வேலை பார்க்கும் மகன், அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ய ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வருகிறான். அப்பாவோ அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டுக் காவல் காக்கிறார். எடை போடாமல் நகர மாட்டேன் என்கிறார். லீவு தீர்ந்துபோகிறது. அவ்வளவுதான்!

டெல்டா பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பெய்து கெடுத்த வருஷங்களில் மத்திய அரசு இந்த அளவைத் தளர்த்தியதும் உண்டு. மூட்டைக்கு 40 கிலோ. நம் முறை வரும்வரை நெல் வெளியில் கிடக்கும். நெல்லோடு சேர்ந்து நாமும் கிடக்க வேண்டும். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே விடைத்தாள் மழையில் நனைந்துவிடும்.

புழுங்குவதை எந்த லென்ஸில் எடுப்பது?

பத்திரிகைக்கு எழுதுவது வேறு, படத்துக்கு எழுதுவது வேறு. பத்திரிகையில் 'அவர் மனசுக்குள் புழுங்கினார்' என்று ஒரு வரி தட்டினால் வேலை முடிந்தது. இயக்குநர் தம்பி அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டான்.

"சார், புழுங்கறதை எந்த லென்ஸ்ல எடுக்கறது?"

நியாயமான கேள்வி! திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும்தான் செல்லுபடி. ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்பது சினிமாக்காரர்களின் வாய்ப்பாடு. பன்னிரண்டு நிமிஷப் படத்துக்குப் பன்னிரண்டு பக்கம். அதற்குள் அப்பா, மகன், நெல், ஆபீஸ், ஆபரேஷன் எல்லாம் அடங்க வேண்டும்.

சரி, புழுக்கத்தை எப்படிக் காட்டுவது? எங்கள் ஊர்க்காரர்கள் நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். 'நொறுக்' என்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஈரம். அப்பா ஒரு மணியை எடுத்துக் கடிக்கிறார், சத்தம் வரவில்லை, கையைத் துடைத்துக்கொள்கிறார் என்று எழுதினேன். தம்பி துள்ளிக் குதித்துவிட்டான்.

அப்பா வேஷத்துக்கு ஆள் தேடி அலையவில்லை. கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். அங்கே ஒரு நெல் குவியல், பக்கத்தில் கட்டில், கட்டிலில் முண்டாசோடு ஒரு மாமா. என் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். அசல் குவியல், அசல் காத்திருப்பு!

சவுண்ட் தம்பி ஆசையாகக் கேட்டான். "இது மாப்பிள்ளைச் சம்பாவா ஐயா?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 2018ல் மறைந்த நெல் ஜெயராமன் பாரம்பரிய விதைகளைத் தேடித் தேடிச் சேர்த்து, பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியதால், திருத்துறைப்பூண்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

மாமா சிரிக்காமல் பதில் சொன்னார். "மாப்பிள்ளையும் இல்ல, மாமனாரும் இல்ல தம்பி. இது சி.ஆர். ஆயிரத்து ஒம்போது."

அந்த நிமிஷமே நடிகர் தேர்வு முடிந்தது.

க்ளைமாக்ஸில் அப்பா பேசுவதற்கு இயக்குநர் தம்பி தானே பதினாலு வரி வசனம் எழுதி வைத்திருந்தான். மண், உயிர், சேறு, சோறு எல்லாம் அதில் இருந்தது. மாமா பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, எந்தக் குடியானவன் இப்படிப் பேசறான்?"

"கிளைமாக்ஸ் ஐயா... எமோஷன்..."

"லீவு முடிஞ்சு கெளம்பற புள்ளைகிட்ட அப்பன் என்னத்தப் பேசுவான்? 'சாப்ட்டியா, பஸ்ஸு எத்தன மணிக்கு?'ன்னு கேப்பான். வேறென்ன கேப்பாங்கறேன்!"

பதினாலு வரி போய், ரெண்டு கேள்வி நின்றது. இதை எழுதியதற்கு எனக்கு 'வசனம்' என்று பெயர் போடுவார்களாம்!

பதினோரு டேக், பதினோரு டீ

நடிப்பு என்றால் அழுவது, சிரிப்பது, கத்துவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உடனே அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும். நடிப்பு என்பது காத்திருப்பது. நடுநடுவே டீ குடிப்பது.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே காட்சி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, போனில் மேனேஜரிடம் இன்னும் ஒரு நாள் லீவு கேட்க வேண்டும். முதல் டேக்கில் பம்புசெட் சத்தம். ரெண்டாவதில் மயில் அகவியது. மூன்றாவதில் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர். நாலாவதில் அறுவடை மிஷின். ஐந்தாவதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் டம்ளரில் டீயின் அளவு முந்தின ஷாட்டோடு ஒத்துப்போகவில்லை. இதற்குப் பெயர் கன்டின்யூட்டி. ஒவ்வொரு தடவையும் முழு டம்ளரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினோரு டேக், பதினோரு டீ! அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. நடிப்பு ஆர்வத்தினால் அல்ல.

சட்டையும் அப்படித்தான். ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் அதே நீலக் கோடு போட்ட சட்டை, அதே மீசை. நடுவில் சலூன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சட்டையை ஒரு வாரம் துவைக்கக் கூடாது என்று நான் சொன்னதும் என் மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எடுத்திருந்தால் நேராக தேசிய விருதுதான்!

பதினோரு டேக் என்பதெல்லாம் மெமரி கார்டு வந்தபின் கிடைத்த சொகுசு. பிலிம் காலத்தில் 400 அடி ரோல் ஒன்று, 35 எம்.எம். கேமராவில் நாலரை நிமிஷத்துக்குள் ஓடி முடிந்துவிடும். கூடுதல் டேக் என்றால் கூடுதல் பிலிம், கூடுதல் காசு. அந்தக் காலத்திலேயே அடையாறு இன்ஸ்டிட்யூட் மாணவர்கள் பெரிய படமே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அங்கே படித்த ருத்ரையா 1978ல் 'அவள் அப்படித்தான்' எடுத்தார். வசனத்தில் எழுத்தாளர் வண்ணநிலவனுக்கும் பங்கு உண்டு. 1986ல் ஆபாவாணனும் அரவிந்தராஜும் தங்கள் இன்ஸ்டிட்யூட் கூட்டத்தோடு வந்து 'ஊமை விழிகள்' கொடுத்தபோது, கோடம்பாக்கமே திரும்பிப் பார்த்தது.

தை மழை

ரெண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. கடைசி நாள் ஷூட்டிங். மறுநாள் பையன்கள் சென்னை திரும்பியாக வேண்டும். புதன்கிழமை காலேஜில் படத்தைக் கொடுக்காவிட்டால் மார்க் இல்லை. சூரியன் சாயும் நேரத்து மஞ்சள் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தோம். இருபது நிமிஷம்தான் இருக்குமாம் அந்த வெளிச்சம்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தார். கோடியக்கரைப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"எலேய்... படுதாவ எடுங்கடா!"

இயக்குநர் 'கட்' சொன்னானா என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஓடினோம். எங்களுக்கு அது ஷூட்டிங் குவியல். மாமாவுக்கு அது அறுபது மூட்டை நெல், கூட்டுறவு வங்கிக் கடன், பேத்தியின் காலேஜ் பீஸ். படுதா பாதிக்குத்தான் எட்டியது. வெளிச்சத்தைத் திருப்பிவிட வைத்திருந்த தெர்மகோல் பலகைகளைத் தூக்கி மேலே போட்டான் கேமரா தம்பி. மைக் கட்டியிருந்த நீளக் கம்பியால் படுதாவின் நடுவே தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டான் சவுண்ட் தம்பி. தயாரிப்பு நிர்வாகி வேனின் ரப்பர் மிதியடிகளைக்கூட உருவிக்கொண்டு வந்தான். பத்து நிமிஷம் அடித்துவிட்டு மழை நின்றது. வெளிச்சமும் போய்விட்டது.

மழை விட்டதும் நான் சும்மா இருக்க மாட்டாமல், "தை மழை நெய் மழைன்னு சொல்வாங்க மாமா" என்றேன்.

"எவன் சொன்னான்? நெல்லு வெளியில கெடக்காதவன் சொல்லியிருப்பான்!"

பிறகு படுதாவை ஓரமாகத் தூக்கி, உள்ளே கைவிட்டு, ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். வானத்தை ஒரு தடவை பார்த்தார். எதுவும் பேசவில்லை. கேமரா அப்போது பத்திரமாக வேனுக்குள் இருந்தது.

அன்று ராத்திரி பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதினோம். எழுதினோம் என்பதைவிட அடித்தோம் என்பதே சரி. மகன் பஸ் ஏறப் போகிறான். அப்பா மணியைக் கடிக்கிறார், வானத்தைப் பார்க்கிறார். படம் முடிந்தது. அந்த ரெண்டு கேள்வியும் முந்தின காட்சிக்குப் போய்விட்டன.

"ஐயாவைத் திரும்ப வரச் சொன்னா வருவாரா சார்? நேத்து அவர் நெல்லு நனைஞ்சிருக்கு..." என்று தயங்கினான் தம்பி. அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தவர் கஷ்டத்தைப் படம் எடுக்கிறவன் கொஞ்சமாவது தயங்கத்தான் வேண்டும். விடிந்ததும் போய், முதலில் நெல்லைக் கிளறிக் காயப்போட எல்லோரும் கூடமாட நின்றோம். அப்புறம்தான் கேட்டோம். மாமா ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்தார். அவர் நெல் காய்ந்து, அந்த வியாழக்கிழமை எடையும் போட்டாகிவிட்டது.

'நொறுக்' சத்தம் மட்டும் சரியாகப் பதிவாகவில்லை. கிளம்புவதற்கு முன்னால், எங்கள் வீட்டு அறையில் கதவை அடைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, சவுண்ட் தம்பியே ஒரு கைப்பிடி நெல்லைக் கடித்துப் பதிவு செய்தான். ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர் வீட்டு மாமி இன்னும் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கிரெடிட் யாருக்கு?

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்கை எழுதிவிட்டேன். வேன் டீசல் 5,200 ரூபாய். சாப்பாடு 6,300. டீ 1,150. ஹார்டு டிஸ்க் 3,500. ஷூட்டிங் முடிந்ததும் பையன்கள் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்த புதுத் தார்ப்பாய் 1,500. மொத்தம் 17,650. கதாசிரியர், நடிகர் சம்பளம்: பூஜ்யம்.

ஆனால் வரவே இல்லையா? இருக்கிறது. கணக்குப்பிள்ளைக்கு கிரெடிட் என்றால் பேரேட்டின் வலது பக்கம். சினிமாக்காரனுக்கு கிரெடிட் என்றால் டைட்டில் கார்டு. மாணவர் படத்தில் யாருக்கும் காசு கிடையாது. கொடுக்கக்கூடிய ஒரே கூலி, பெயர். அந்தக் கூலியிலும் எடை குறைந்தால் எப்படி?

சின்னப் படம்தானே என்று இருந்துவிடக் கூடாது. சின்னப் படங்கள் வளரும். கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' முதல் சீசனில் ஜெயித்த நலன் குமாரசாமிதான் பிறகு 'சூது கவ்வும்' எடுத்தார். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' 2010ல் குறும்படம், 2012ல் முழுப் படம். 2024ல் கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு வாங்கியது, புனே இன்ஸ்டிட்யூட்டில் படித்த சிதானந்த நாயக் எடுத்த பதினாறு நிமிஷப் படம். அவர் டாக்டருக்குப் படித்தவர். கதையோ, சேவலைத் திருடும் ஒரு கிழவியைப் பற்றிய கன்னட நாட்டுப்புறக் கதை!

படம் வளரும்போதுதான் 'கதை யாருடையது' என்கிற கேள்வியும் வளரும். 2018ல் 'சர்கார்' வெளிவரும் நேரத்தில் என்ன நடந்தது? 2007லேயே 'செங்கோல்' என்ற பெயரில் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்த தன் கதையோடு அது ஒத்துப்போவதாக வருண் ராஜேந்திரன் புகார் கொடுத்தார். விவகாரம் ஹைகோர்ட் வரை போய், படத்தில் அவர் பெயரைக் குறிப்பிடுவது என்று சமரசம் ஆனது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்த காகிதம்தான் அவருக்குத் துணை நின்றது.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையாக எழுதித் தராத கதை, எழுதியவருக்கே சொந்தம். அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால், எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று அர்த்தம். உரிமையையே விற்றாலும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

எனவே, ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து வரி எழுதினோம். கதை யாருடையது, படம் யாருடையது, பெரிய படமாக்கினால் யாரைக் கேட்க வேண்டும், பணம் வந்தால் எப்படிப் பங்கு, டைட்டிலில் யார் யார் பெயர். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தம்பிக்குக் கொஞ்சம் கூச்சம். "நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்?" என்றான். நமக்குள்ளே என்பதால்தான் இப்போதே! சண்டை வந்த பிறகு யாரும் தாள் எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.

மாமாவிடம் தாளை நீட்டியபோது அவர் பங்கு பற்றியோ பணம் பற்றியோ கேட்கவில்லை. ரெண்டே கேள்விதான்.

"எங்கப்பா இனிஷியல சரியா போடுவியா?"

"போடுவோம் ஐயா."

"நெல்லு என்னுதுன்னும் போடுவியா?"

போட்டிருக்கிறார்கள். 'அப்பா' என்று ஒரு தடவை, 'நெல்' என்று ஒரு தடவை, இனிஷியலோடு. கதை வசனம் என்று என் பெயர் வரும் கார்டில், 'வசன உதவி' என்று மூன்றாவது தடவையும் அவர் பெயர்! அது நான் சொல்லிச் சேர்த்தது. பையன்களுக்கு மார்க்கும் வந்துவிட்டது, நல்ல மார்க்.

ஆபீஸ் நண்பர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை எவனாவது ஒரு தம்பி கேமரா பையோடு வந்து, "சார், சம்பளம் மட்டும்..." என்று இழுத்தால், யோசிக்காமல் போங்கள். துவைக்காமல் ஒரு வாரம் தாங்கும் சட்டை ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று, பேனா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டீயை மட்டும் சர்க்கரை கம்மியாகக் கேளுங்கள். பதினோரு டேக் ஆகும்!